ஆண்டறிக்கை: வாசிகசாலையில் ஆங்கில வீட்டுவேலை உதவி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த நிர்வாக ஆண்டில் சிரமதானமும் பத்திரிகை வாசிப்பும் வழமைபோல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எமது சனசமூக நிலையம் கூடுதலாகக் கவனம் செலுத்திய வேலை, மாலையில் வாசிகசாலையில் நடக்கும் ஆங்கில வீட்டுவேலை உதவிதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் கேட்க ஆளில்லை. இது ரியூசன் அல்ல, புதுப் பாடம் எடுப்பதில்லை. பாடசாலையில் தந்த பயிற்சியைப் பிள்ளை தானே செய்து முடிக்கக் கூட இருந்து உதவுகிறோம்.

ஓர் உதவியாளருக்கு ஐந்து பிள்ளைகள். அதற்கு மேற்பட்டால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். பாடநூல், பயிற்சி நூல், பாடசாலைக் கொப்பி, ஒரு றஃப் கொப்பி, பென்சில் ஆகியவற்றோடு வரவேண்டும். முதலில் அறிவுறுத்தலைச் சத்தமாக வாசித்து, என்ன செய்யச் சொல்கிறது என்று தமிழில் சொல்லவேண்டும். கீழ்க்கோடிடச் சொன்ன இடத்தில் முழு வசனத்தையும் பார்த்தெழுதி வைப்பது இந்தப் படியைச் செய்யாமல் விடுவதால்தான்.

விடை முதலில் றஃப் கொப்பியில். உதவியாளர் பிழையைத் திருத்துவதில்லை. அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டு பிழையென்றால் இரண்டு புள்ளி. பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கட்டும். அகப்படாவிட்டால் பாடநூலில் அதேமாதிரி வசனம் உள்ள பக்கத்தைக் காட்டுகிறோம். அதற்கும் பிடிபடாவிட்டால், பிழையோடேயே கொப்பியில் எழுதி ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புகிறோம். பெற்றோர் சிலருக்கு இதில் மனக்குறை உண்டு. ஆனால் நாங்கள் எழுதிக்கொடுத்த சரியான விடையைப் பார்க்கும் ரீச்சர், பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பிறகு அந்த ஓட்டையை அடைப்பது கஷ்டம். இந்த விதியை எமது நிலையம் எக்காரணம் கொண்டும் தளர்த்தக்கூடாது.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. "என் அப்பா விவசாயி" என்பது தமிழில் வினைச்சொல் இல்லாமலே நிறைவான வசனம், ஆகவே "மை ஃபாதர் ஃபாமர்" என்று எழுதி நடுவில் வரவேண்டிய "இஸ் எ"யை விட்டுவிடுகிறார்கள். அடுத்தது "டிட் நொட் வென்ற்". இறந்தகாலம் இரண்டு இடத்தில் ஏறிவிடுகிறது. இதற்கு விளக்கம் சொல்வதைவிடக் கடதாசிச் சீட்டு நன்றாக வேலை செய்கிறது: ஒவ்வொரு சொல்லையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் வசனமாக அடுக்கவேண்டும். "டிட்" சீட்டு உள்ளே வந்தால் "வென்ற்" சீட்டை எடுத்து "கோ" சீட்டை வைக்கவேண்டும். "டிட் நொட்" வெளியே போனால் "வென்ற்" திரும்பி வரும். கையால் மாற்றிப் பழகிய பிள்ளை எழுதும்போதும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. நேரத்துக்கு "அற்", கிழமை நாளுக்கும் திகதிக்கும் "ஒன்", மாதத்துக்கும் ஆண்டுக்கும் "இன்" என்ற அட்டை சுவரில் தொங்குகிறது.

மொழிபெயர்ப்புக்குக் கைத்தொலைபேசி பாவிக்க அனுமதியில்லை. "அம்மம்மா ஊருக்குப் போனார், சந்தைக்கும் போனார்" என்று கொடுத்தால், இரண்டாவது இடத்தில் அம்மம்மாவை ஆணாக்கி "ஹி" என்று தந்துவிடக்கூடும். பிள்ளை அதையே பார்த்தெழுதும். உச்சரிப்புக் கேட்க மட்டும் உதவியாளரின் போன் உண்டு.

தரம் 10, 11இல் சிக்கல் வேறு. சாதாரணதர வினாத்தாளில் 40–50 சொல்லில் ஒரு சிறுகுறிப்பு, ஏறத்தாழ 100 சொல்லில் ஒன்று, 200 சொல்லில் ஒன்று எழுதவேண்டும். மனனம் செய்த கட்டுரையைத் தலைப்பு மாறினாலும் அப்படியே இறக்கிவைப்பதுதான் பெரிய நோய். தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் என்று முதலில் எண்ணச் சொல்கிறோம். எட்டுச் சொல்லென்றால் 200 சொல் 25 வரி, பிறகு எண்ணி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. புள்ளிவிவர வரைபடத்தை விவரிக்கும்போது அதிகூடியது, அதிகுறைந்தது, சமமானவை என மூன்றையும் முதலில் எழுதிவிட்டால் மீதி ஒப்பீடு தானாக வரும்.

மாரிமழையில் மின்சாரம் போனால் வேலை நின்றுவிடுகிறது. சார்ஜ் விளக்கு இரண்டு வாங்கச் சபை அனுமதி தரவேண்டும். ஆங்கில–தமிழ் அகராதி மேசைக்கு ஒன்றாவது வேண்டும். தரம் 10, 11க்கு உதவியாளர் போதாது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள் இக்கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயரைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்