திருவிருந்து மேசையும் நிறப் பாகுபாடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறப் பாகுபாட்டை எதிர்ப்பது அரசியல்வாதிகளின் வேலை, ஆத்துமாக்களை இரட்சிப்பின் வழியில் நடத்துவதே திருச்சபையின் வேலை என்று மனதார நம்பும் கிறிஸ்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தென்னாப்பிரிக்கத் திருச்சபையின் வரலாற்றை வாசித்த பிறகு அந்த எண்ணம் என்னிடம் நிலைக்கவில்லை.

அங்குள்ள டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையில், நிறம் பாராமல் அனைவருக்கும் ஒன்றாகவே திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) வழங்க வேண்டும் என்று 1829ஆம் ஆண்டிலேயே சினாட் எனப்படும் திருச்சபைப் பேரவை தீர்மானித்திருந்தது. ஆனால் வெள்ளையரல்லாதோருடன் ஒரே மேசையில் பங்குபெற வெள்ளையர் சிலர் தொடர்ந்து மறுத்து வந்ததால், 1857இல் கூடிய சினாட், சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு இசைந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ‘சிலருடைய பலவீனத்தின் பொருட்டு’ தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்த இடம் கொடுத்தது. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பலவீனர் என்று சொல்லப்பட்டவர்கள் ஆலயத்தில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்தான் வெளியே அனுப்பப்பட்டார்கள். 1881இல் அவர்களில் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே அமைக்கப்பட்டது. 1948இல் இனஒதுக்கல் நாட்டின் கொள்கையானபோது, அதற்கு வேத ஆதாரம் காட்டப் போதகர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

ஆதித் திருச்சபைக் காலத்தில் அந்தியோகியா நகரிலும் பிரச்சினை மேசையில்தான் எழுந்தது. புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்போஸ்தலன் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அதை நாசூக்கு சம்பந்தப்பட்ட சிறு விஷயமாகக் கருதவில்லை; அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று எல்லார் முன்பாகவும் அவரைக் கடிந்துகொண்டார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கிற எவரும் இன நீதியை விசுவாசத்துக்குப் புறம்பான பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை, அது அவருக்குரிய இடமல்ல என்று சொல்லி, ஜெபம் முடியும் முன்பே நிர்வாகிகள் பிடித்து எழுப்ப முயன்றார்கள். ஜெபம் முடியட்டும், பிறகு நான் உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்றார் அவர். முடிந்ததும் கறுப்பினத்தார் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலனின் தலைமையில்தான் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை உருவானது. நீதிக்கான அவர்களுடைய போராட்டம் ஜெபத்தின் நடுவிலேயே பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். அடிமைகளை வைத்திருந்தோரை மிஷனரிகளாக அனுப்பலாமா என்ற சர்ச்சையில் 1845இல் தனியே பிரிந்து உருவான அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்டுகள் 1995இல் மன்னிப்புக் கேட்டார்கள், அது நல்லதே. ஆனால் சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு வருத்தம் தெரிவித்ததோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவேன் என்று கணக்குச் சொன்னான். அதன் பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

தென்னாப்பிரிக்காவில் ஒதுக்கப்பட்ட அந்தச் சபையே 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றுக்கொண்டது. இன அடிப்படையில் சபையைப் பிரிப்பதை நியாயப்படுத்தும் எந்த உபதேசத்தையும் அது நிராகரிக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவர்களின் பக்கம் தேவன் நிற்பதால் சபையும் அங்கேயே நிற்க வேண்டும் என்கிறது. அந்தச் சபையும் கறுப்பின மக்களுக்கென்று தனியே இருந்த சபையும் 1994இல் ஒன்றாக இணைந்தன. வெள்ளையர் சபையோடு முழுமையான இணைப்பு மட்டும் இன்னும் கைகூடவில்லை.

இப்படிக்கு,
திருச்சபை உறுப்பினரான ஒரு வாசகர்