முதுநகரிலிருந்து அம்மா எழுதுவது

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரின் நலம் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் "மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதத்திடம் அப்படிச் சொல்லி வைத்துவிட முடியாது பார். இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. சம்பந்தி அம்மா பகலில் சற்றுக் கண்ணயர்வார்கள். தபால்காரர் மணி அடித்து அவர்களை எழுப்ப வேண்டாமே என்றுதான்.

ஒரு சேதி. மகளிர் தினத்துக்குப் பெண்கள் பள்ளியில் சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளைப் பற்றி அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்றால் ஒரு சால்வைக்கும் ஒரு காபிக்கும் கிடைக்கும் பேச்சாளர் என்று இந்த ஊரில் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். 1890-இல் நம் முதுநகரில் பிறந்தவரைப் பற்றி முதுநகர்க்காரி பேசாமல் யார் பேசுவது? இப்போது கட்சி மாநாட்டுப் பந்தலிலேயே அவருடைய படத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முகம் தெரிந்துவிட்டது. கதையைக் கேட்டால் 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது காந்தி கொடுத்த பட்டம். பட்டத்தைச் சொல்லிவிட்டால் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு.

உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு நீ அவராகத்தானே போனாய். 1934-இல் காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைப் பார்க்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட, அவர் புர்கா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரே, அந்தக் காட்சி. எதிர் வீட்டு அத்தையிடம் இரவல் வாங்கிய புர்கா தரையில் இழுபட்டது. மடித்து ஊக்கு குத்தி அனுப்பினேன். மேடையில் நீ அதை விலக்கிக்கொண்டு "நான்தான் அஞ்சலை" என்ற வேகத்தில் ஊக்கு தெறித்து முன்வரிசையில் போய் விழுந்தது. முதல் பரிசு. அந்த எவர்சில்வர் டம்ளரில்தான் அப்பா இன்றைக்கும் மோர் குடிக்கிறார். அப்படி மேடை அதிரப் பேசிய பெண் இப்போது போனில் 'ம்', 'சரி', 'பார்க்கலாம்' என்கிறாள்.

குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1927-இல் நீல் சிலைப் போராட்டம். 1857 கிளர்ச்சியின்போது வடக்கே மக்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிலிட்ட தளபதி அந்த நீல். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றச் சொல்லிப் போராடப் போனவர்களில் இந்த அம்மாளும் ஒருவர். கூடவே மகள் அம்மாக்கண்ணு, ஒன்பது வயது. தாயும் மகளும் கைதானார்கள். பிறகு காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்து, வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். சிலை என்னவோ 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் இடம்பெயர்ந்து அருங்காட்சியகத்துக்குப் போனது.

மேடையில் இந்த இடம் வந்தால் கைதட்டுவார்கள். எனக்கோ, அவ்வளவு தூரத்தில் அந்தக் குழந்தைக்கு யார் தலை பின்னிவிட்டார்கள், சப்பாத்தியை எப்படித் தின்றது என்றுதான் மனம் ஓடுகிறது. படித்து வேலைக்குப் போய் வளர்ந்த பெண்ணைப் புனேவுக்கு அனுப்பிவிட்டே நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டும் என்று இருந்தேன். உன் சம்பளக் கணக்கு உன் பெயரில் மட்டும்தானே இருக்கிறது? அப்படியே இருக்கட்டும்.

1932-இல் வேலூர்ச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி சிறை. பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்று பெயர், அதுவே பிற்பாடு ஜெயவீரன் ஆனது. இரண்டு வாரத்துப் பச்சை உடம்பு, பாப்பா. நம் வீட்டில் அந்த நாள்களில் உன்னை வாசல்படி தாண்ட விட்டேனா? பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறுமாகக் காத்தேன். "இதெல்லாம் பழைய பஞ்சாங்கம்" என்று நீ முகம் சுளித்தாய், ஆனால் சாப்பிட்டாய். குட்டியை விட்டுவிட்டு நீ வேலைக்குத் திரும்பியபோது ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். என் மகள் தன் காலில் நிற்கிறாள் என்று எல்லோருக்கும் பதில் சொன்னது நான்தான், தெரிந்துகொள். வேலையை மட்டும் விட்டுவிடாதே. யார் எவ்வளவு இதமாகச் சொன்னாலும் விடாதே.

பேச்சில் யாரும் தொடாத ஒருவரைப் பற்றி நான் சொல்லப் போகிறேன்: கணவர் முருகப்பா. ஒரு பத்திரிகைக்கு முகவராக இருந்தவர். குடும்ப நிலத்தையும் வீட்டையும் போராட்டச் செலவுக்காக விற்றார்கள். மனைவி சிறைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த காலத்தில் பிள்ளைகளையும் வீட்டையும் கட்டிக் காப்பது லேசுப்பட்ட காரியமா? அந்தக் காலத்து ஆண் ஒருவர் மனைவியின் பெயருக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்தார். அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. நிலத்தை விற்றது அந்த அம்மாளின் பெயரில்தான் சொல்லப்படுகிறது, கவனித்தாயா? அவரிடமிருந்து எடுத்து விற்றார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. இதை எழுதும்போது எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. வரலாறு பேசுகிறேன்.

பாரதியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் தலைமையாசிரியை. புதுச்சேரியில் பத்து வருடம் இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, நம் கடலூரில்தானே சிறையிருந்தார். நான் மாட்டேன் என்றேன். பாரதியைப் பற்றிப் பேச ஊரில் ஆளா இல்லை? செல்லம்மா சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்தார் என்று எல்லோரும் உருகி உருகிச் சொல்வார்கள். அன்றைக்கு உலையில் என்ன போட்டாள் அந்தப் பெண்? கவிஞர் என்பதால் மன்னித்துவிடலாம். எல்லா ஆண்களும் கவிஞர்கள் இல்லை.

குட்டியின் பிறந்தநாள் படத்தை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். கேக்கை விட்டுவிட்டு அவன் மெழுகுவத்தியைப் பிடிக்கப் பாய்கிறான், நீ கை நீட்டித் தடுக்கிறாய். அசல் உன் தாத்தா மூக்கு. நீ மெலிந்திருக்கிறாய். கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் நன்றாக இருக்கிறது. வளையலுக்குக் கீழே மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் மட்டும் வெளுத்துத் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் கறுத்திருக்கிறது. புனேயில் அவ்வளவு வெயிலா? தேங்காய் எண்ணெய் தேய். அப்பா ஒன்றும் சொல்லாமல் போனை அணைத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை நண்பரோடு சேர்ந்து ஏதோ தொழில் தொடங்கப் போவதாகச் சம்பந்தி அம்மா சொன்னார்கள். நல்ல விஷயம். நல்ல விஷயத்தை நீயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது உனக்கு மறந்திருக்காது. விடிந்து பார்த்தால் பின்கட்டுக்கு மேலே வானம். ஒரு ஓடு இல்லை. பண்ருட்டிப் பக்கம் சித்தப்பாவின் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது, அவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. அப்போது உன் பாட்டியின் வளையல்தான் கை கொடுத்தது. அப்பா வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, ஓட்டு விலையையும் கொத்தனார் கூலியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நானே கழற்றி அவர் கையில் வைத்தேன். அடகுக் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். சீட்டு என் பெயரில். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். வட்டியைக் கட்டிக் கட்டி, கடைசியில் மீட்டு, பாலிஷ் போட்டு உன் கல்யாணத்தில் உன் கையில் ஏற்றினோம். எதற்குச் சொல்கிறேன் என்றால், அடகு வைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. விற்பதிலும் இல்லை. நகை இருப்பதே ஆபத்துக்குத்தான். யார் கேட்டார்கள், யார் கழற்றினார்கள், சீட்டு யாருடைய பீரோவில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பொதுவாகச் சொல்கிறேன்.

குறிப்புகளைத் தேடும்போது இன்னொரு பெண்ணைப் படித்தேன். கௌமுதி. கேரளத்தில் வடகரை. அதே 1934, ஜனவரி மாதம், காந்தி ஹரிஜன நிதி திரட்டிக்கொண்டு வருகிறார். கூட்டத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மேடைக்கு வந்து ஒரு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறாள். அவர் கையெழுத்துப் போடத் தொடங்குவதற்குள் இரண்டாவது வளையலும் வந்துவிடுகிறது. இரண்டும் வேண்டாம், ஒன்றுக்கே கையெழுத்துத் தருகிறேன் என்கிறார் காந்தி. பதிலுக்கு அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறாள். நீளப் பின்னலில் அது சிக்கிக்கொள்கிறது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதறாமல் நின்று பின்னலிலிருந்து அதை விடுவித்து எடுத்துக் கொடுக்கிறாள். பிறகு காதில் இருந்ததையும். காந்தி இதைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அதில் வேறு ஓர் இடம். பெற்றோரிடம் கேட்டுவிட்டாயா என்று அவர் விசாரிக்கிறார். நாடே கையேந்தி நிற்கிறது, நல்ல காரியத்துக்கான பணம், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியும் கேட்டார். பார்த்தால் அவளுடைய அப்பா அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். அவள் அதன் பிறகு நகையே போடவில்லை. இந்தி ஆசிரியையாகி நிறைய வருடம் வாழ்ந்தாள். வெறுங்கையோடு அவள் வகுப்பில் நிற்பதைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்றிருக்க மாட்டார்கள். அவளாகக் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கௌமுதியையும் பேச்சில் சேர்க்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கா, புனேவுக்கா?" என்றார். அவருக்கு இப்போதெல்லாம் வாய் அதிகம்.

ஒன்று எழுத மறந்தேன். லீலாவதி வளர்ந்து மணந்தது ஜமதக்னியை. அவரும் சிறை சென்றவர், கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அவ்வளவு பெரிய நூலை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்றால் அந்த வீட்டில் வரவு எப்படி இருந்திருக்கும், அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் என்ன செய்கிறோம், எதற்குச் செய்கிறோம் என்பது வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்கும். சாப்பாட்டில் குறை இருந்தாலும் ஒளிவு மறைவு இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு. சம்பளக் கணக்கு உன் பெயரிலேயே இருக்கட்டும், இரண்டாவது தடவை சொல்கிறேன். ஏடிஎம் அட்டையும் உன் கைப்பையிலேயே இருக்கட்டும். கடன் பத்திரம், ஜாமீன் என்று எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. படித்த பிறகும் அன்றைக்கே போடாதே. மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தங்கமானவர்களுக்கும் நண்பர்கள் இருப்பார்கள்.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். துறைமுகப் பக்கம் மீன் விலை கேட்க முடியவில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்து, மின்விசிறியும் புதிதாக மாட்டியிருக்கிறோம். யாருக்கு என்று கேட்காதே, அறை என்றால் வெள்ளை அடிக்கத்தான் வேண்டும். பார்சலில் முந்திரிப் பருப்பு அனுப்புகிறேன். எலுமிச்சை ஊறுகாய் சம்பந்தி அம்மாவுக்குத் தனி பாட்டில், உப்பு குறைவாகப் போட்டது.

வருகிற பிரதோஷத்தன்று மாலை நான் பாடலீஸ்வரர் கோவிலுக்குப் போய்விடுவேன். திரும்பி வர எட்டு மணியாகும். அப்பா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். அந்த நேரத்தில் அவருக்குப் போன் செய். சின்ன வயதிலிருந்தே என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்லுவாய். எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கொஞ்சம் உண்டு. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டால் அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டாலும் போகட்டும், அவருக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: சித்திரையில் குட்டியைப் பார்க்க வரலாம் என்று அப்பா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். போகும்போது இரண்டு பேர். திரும்பி வர இன்னும் எடுக்கவில்லை. எத்தனை டிக்கெட் என்று நீ சொன்ன பிறகு எடுக்கலாம் என்கிறார்.