விடிய உள்ள வந்த காரை வீட்டை போக விடுங்கோ

யூன் 2025

பாரிஸ் பெருநகரத்துக்குள்ள எந்தக் கார் ஓடலாம் எந்தக் கார் ஓடக்கூடாது எண்டு முடிவெடுக்கிற மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

இதை மகள் பிரெஞ்சில எழுதி உங்களுக்குத் தபாலில அனுப்புறா. இதே நிலைமையில இருக்கிற எங்கட சனமும் வாசிக்கட்டும் எண்டு நான் தமிழிலயும் போடுறன். கேக்கிறது ஒண்டுதான். விடியக்காலமை வேலைக்கு உள்ள வந்த பழைய சின்னக் காரை வேலை முடிய வீட்டை திரும்பிப் போக விடுங்கோ.

விதியை நான் சொல்லித் தரத் தேவையில்லை, 2025 தை 1ல இருந்து கிறிட்ஏர் எண்ட புகை ஸ்ரிக்கரில (புகை கூடக் கூட நம்பர் கூடும்) 3ம் நம்பர் ஒட்டின கார், பாரிஸைச் சுத்திப் போற ஏ86 பெருந்தெருவுக்கு உள்பக்கம் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை காலமை 8ல இருந்து இரவு 8 வரை ஓடக்கூடாது. என்னட்டை இருக்கிறது 2004ம் ஆண்டு பெஜோ 206, 1.4 பெற்றோல், அதுக்கு 3ம் நம்பர்தான். நான் இருக்கிறது ஏ86க்கு வெளிய சார்சலில, வேலை உள்பக்கம் லா டிபோன்ஸில, ஒபிஸ் துப்புரவு. காலமை 5 மணிக்கு வேலையில நிக்கோணும், முதல் ஆர்ஈஆர் ரயில் பிடிச்சு மாறி ஏறிப் போனா அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது, அதனாலதான் கார். வேலை முடிய எட்டரை. அப்ப உங்கட நேரம் தொடங்கியிட்டுது.

போன கிழமை எட்டே முக்கால் போல பொலிஸ் மறிச்சது. மரியாதையாத்தான் கதைச்சவர், அதில எனக்குக் குறை இல்லை. இந்தக் கார் இந்த நேரம் இங்க நிக்கக்கூடாது, இந்த வருசம் பழக்கிற காலம் எண்டபடியால் சும்மா சொல்லி விடுறன், அது முடிஞ்சா 68 யூரோ எண்டார். நான் நாலே முக்காலுக்கு உள்ள வந்தனான் எண்டு சொன்னன். அது பிழையில்லை எண்டார். அப்ப நான் எப்பிடி வீட்டை போறது எண்டு கேக்க, இரவு எட்டு மணிக்குப் பிறகு போகலாம் எண்டார். அவருக்கும் சொல்லேக்க முகம் ஒரு மாதிரிப் போட்டுது.

தயவு செய்து இதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. லா டிபோன்ஸில இருந்து ஏ86 ஏறுறதுக்கு ஒரு சில கிலோமீற்றர்தான், ஏ86 உங்கட தடைக்குள்ள வராது, அதில ஏறியிட்டா நான் குற்றவாளி இல்லை. அந்தச் சில கிலோமீற்றருக்காக ராத்திரி நித்திரை முழிச்சு வேலை செய்த ஒரு மனிசன் பதினொண்டரை மணித்தியாலம் காரையும் வைச்சுக்கொண்டு எங்க போய் நிக்கிறது? நாலரைக்கு மகனைப் பள்ளிக்கூடத்தால ஏத்தோணும். பின்னேரம் ஆறு மணிக்குத் திருப்பி இன்னொரு கட்டிடத்தில வேலை, துப்புரவு வேலை செய்யிற ஆக்களுக்கு நாள் இப்பிடித்தான் ரெண்டாப் பிளந்து கிடக்கும். தடை நேரத்திலயும் ஓட வருசத்துக்கு 24 நாள் பாஸ் தந்திருக்கிறீங்கள், நன்றி, கிழமைக்கு அஞ்சு நாள் வேலைக்குப் போறவனுக்கு அது ஒரு மாசத்துக்குக் காணும். மிச்சப் பதினொரு மாசம்?

காரை மாத்தச் சொல்லுவீங்கள். பழைய காரைக் குடுத்து வேற கார் எடுக்கிறவைக்கு அரசாங்கம் குடுத்த உதவிக் காசு 2024 மார்கழியோட நிப்பாட்டுப்பட்டது, தடை வந்தது அடுத்த மாசம். ஒரு கையால கதவைப் பூட்டிப்போட்டு மற்றக் கையால வெளிய போ எண்டு தள்ளுற மாதிரி இருக்கு. இதைச் செய்தது வேற வேற ஆக்களா இருக்கலாம், எங்களுக்கு எல்லாம் ஒரு அரசாங்கம்தான்.

இந்தக் காரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லவேணும். நான் இதைக் கவனிக்காமல் ஓடுறவன் இல்லை. ரைமிங் பெல்ற்றும் தண்ணிப் பம்பும் நேரத்துக்கு மாத்தினது, இருபது வருசம் ஓடினா பின் அக்சிலுக்குள்ள இருக்கிற ஊசி பெயரிங் தேய்ஞ்சு பின் ரயர் ரெண்டும் மேல்பக்கம் உள்ளுக்குச் சாயும், 206 வைச்சிருக்கிற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும், அதையும் விடாமல் திருத்தின அக்சில் வாங்கிப் போட்டு வைச்சிருக்கிறன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொன்றோல் டெக்னிக் எண்ட கார்ப் பரிசோதனை, புகை அளந்து பார்த்துத்தான் விடுறாங்கள், ஒவ்வொருக்காலும் பாஸ். ஒரு தொன் அளவு பாரம், நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றர் போல குடிக்கும். இந்த 206ஐ பாரிசுக்குப் பக்கத்தில புவாசியிலயும்தான் செய்தவை. அதே 206 2006ல இருந்து பதிஞ்ச பெற்றோல் கார் எண்டா 2ம் நம்பர், தாராளமா ஓடலாம். ரெண்டு தொன் பாரமுள்ள புது பெற்றோல் எஸ்யூவிக்கு 1ம் நம்பர், அந்த நம்பர் குடுக்கேக்க பாரத்தை ஆரும் பாக்கிறேல்லை, பாரம் கூடக் கூட ரயர் தூசும் பிறேக் தூசும் கூடும் எண்டது உங்களுக்குத் தெரியாததில்லை. 2024 மாசியில பாரிஸ் சனமே பாரமான காருக்குப் பார்க்கிங் காசைக் கூட்டச் சொல்லி வாக்குப் போட்டது, அப்ப சனத்துக்கு விளங்கினது ஸ்ரிக்கருக்கு ஏன் விளங்கேல்லை?

சுத்தமான காத்து வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எங்கட வீடு பெரிய றோட்டுக் கரையில, மகனுக்கு மாரிகாலம் வந்தா முட்டு இழுக்கும், நெபுலைசர் வீட்டில இருக்கு. புகையைக் குறைக்கவேணும் எண்டு உங்களை விட நான் ஆசைப்படுறன். போன மாசம் நாடாளுமன்றத்தில பழைய காருக்குத் தடை போடுற இந்த வலயங்களையே தூக்கவேணும் எண்டு வாக்குப் போட்டவை, நான் அதைக் கேக்க வரேல்லை. வலயம் இருக்கட்டும், அதுக்குள்ள எங்களுக்கும் ஒரு வழி இருக்கோணும்.

கோவம் வருது, மறைக்கேல்லை. நீங்கள் காலமை ஒன்பது மணிக்கு வாற மேசையை நாங்கள் அஞ்சு மணிக்குத் துடைக்கிறம், நீங்கள் வரமுதல் நாங்கள் வெளிய போயிடோணும் எண்டுதான் அந்த நேரமே வைச்சது. இந்த ஊரே எங்களை விடியமுதல் கூப்பிட்டு வேலை வாங்குது. விடிஞ்சாப் பிறகு உன்ர கார் இங்க நிக்கக்கூடாது எண்டு சொன்னா அதை எந்த மனசோட கேக்கிறது?

மன்னிக்கவேணும், சொல்லவந்ததுக்கு வாறன். காலமை எட்டுக்கு முதல் வேலை தொடங்கிற ஆக்களுக்கு, வேலை குடுக்கிறவரின்ர கடிதத்தையும் கொன்றோல் டெக்னிக் பேப்பரையும் பாத்து, நாளுக்கணக்கு இல்லாமல் ஒரு அனுமதி தாங்கோ. பின்னேர வேலைக்கு உள்ள வாறதுக்கும் அதே கடிதம் செல்லட்டும். கார் மாத்துறதுக்கான உதவிக் காசைத் திருப்பிக் கொண்டு வரும்வரைக்குமாவது இந்த அனுமதியைக் குடுங்கோ. பழக்கிற காலம் முடிய முதல் ஒரு பதில் எழுதுவீங்கள் எண்டு நம்பி இருக்கிறன்.

மரியாதையுடன்,
சார்சலில இருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளி