பஞ்சர் கடை டேங்குகளைச் சோதிக்க ஒரு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஞ்சர் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ காற்றை அமுக்கிச் சேர்த்துவைக்கும் கம்ப்ரசர் டேங்க் வெடித்து ஆள் இறந்தால், செய்தித்தாளில் அது ஒற்றைப் பத்தியாக வருகிறது. இறந்தவரின் பெயர், வயது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், போலீஸார் விசாரிக்கிறார்கள். அதோடு முடிந்தது. அந்த டேங்குக்கு எத்தனை வயது, அடித்தகடு அரித்திருந்ததா, அழுத்தம் மீறினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு வேலை செய்ததா என்று ஒரு வரியும் இருப்பதில்லை. அந்த வரி இருந்தால், படிக்கிற பட்டறைக்காரர் எழுந்துபோய்த் தன் டேங்கின் அடியைக் குனிந்து பார்ப்பார். உங்கள் நிருபர்கள் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

நான் தாழையூத்தில் லாரிப் பட்டறை நடத்துகிறேன். சிமென்ட் லாரிகளும் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. வீல் நட்டைக் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, டயருக்குக் காற்றுப் பிடிப்பது, பெயின்ட் அடிப்பது என்று பாதி வேலை காற்றில்தான் நடக்கிறது. கங்கைகொண்டானிலிருந்து வள்ளியூர் வரை நான்கு வழிச்சாலையோரம் எங்கே பஞ்சர் கடை இருந்தாலும் அங்கே ஒரு டேங்க் நிற்கும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, மேலே புது பெயின்ட் அடித்து ஓட்டுகிற டேங்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

“காற்றுதானே அண்ணாச்சி, என்ன செய்துவிடப் போகிறது?” என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. ஒன்றரை அடி விட்டமுள்ள டேங்கின் பக்க மூடியின் பரப்பு சுமார் 1,600 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் காட்டும் கேஜின் முள் 10 கிலோவில் நிற்கும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 10 கிலோ எடை தள்ளுகிறது. மொத்தம் 16 டன். சரக்கு ஏற்றிய ஆறு சக்கர லாரியின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். அதைத் தாங்கி நிற்பது சில மில்லிமீட்டர் தகடு.

அந்தத் தகட்டைத் தின்பது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றில் ஈரம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கி டேங்கில் அடைத்தால், ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலிருந்தும் சுமார் 20 கிராம் தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கும். நாள் முழுவதும் ஓடுகிற கம்ப்ரசரில் மாலைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். டேங்கின் அடியில் டிரெயின் வால்வு இருப்பது இதற்காகத்தான். வேலை முடிந்ததும் அதைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். திறந்தால் செம்மண் நிறத்தில் வந்தால், உள்ளே துரு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல கடைகளில் அந்த வால்வைத் திருகினால் திரும்பாது. அவ்வளவு காலமாக அதை யாரும் தொட்டதில்லை.

அடித்தகடு மெலிந்தால் சில நேரம் ஊசித் துளை விழுந்து காற்று கசியும். அது கடைசி எச்சரிக்கை. அதன்மேல் எம்சீல் அப்புகிறவர்களும் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். துளையைச் சுற்றியுள்ள தகடும் காகிதம்போல் மெலிந்துதான் இருக்கும். தயவுசெய்து அந்த டேங்கைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் நடுவில் அறுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறொரு கடையில் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கும்.

சேஃப்டி வால்வு காற்று விடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் பழுதாகி மோட்டார் நிற்காமல் ஓடினால், உயிரைக் காக்க இருப்பது அந்த ஒரு வால்வுதான். அதன் வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும். சீறிவிட்டுத் தானாக மூடிக்கொண்டால் சரி. இல்லையென்றால் அன்றே மாற்ற வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பி.வி.சி. பைப்பைக் காற்று லைனுக்கு இழுப்பதும் இப்போது பெருகிவிட்டது. தண்ணீர் ஓடும்போது அது விரிசல் விட்டால் ஒழுகும். அழுத்தக் காற்று உள்ளே இருக்கும்போது உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இரும்புக் குழாய்க்கு ஆகும் கூடுதல் செலவைப் பார்க்காதீர்கள்.

அடுத்து, காற்றைப் பீய்ச்சித் தூசி ஊதும் ஏர் கன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேலை முடிந்ததும் சட்டையில் ஒட்டிய தூசியை அதனால் ஊதிக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். பொருள்களைச் சுத்தம் செய்கிற காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. நம் லைனில் நிற்பது 120, 140 பவுண்டு. அது இரும்புத் துகளைக் கண்ணுக்குள் செலுத்தும், செவிப்பறையைக் கிழிக்கும், தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியே உள்ளே புகும். விளையாட்டு என்று பின்புறத்தில் ஹோஸை வைத்துக் குடல் கிழிந்து இளைஞர்கள் இறந்த செய்திகள் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்திருக்கின்றன. துணி தடுக்கும் என்று நினைக்கிறார்கள். தடுக்காது. அப்படி விளையாடுகிறவர் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் முதலாளிமார் அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஏர் டூல்களுக்கு 90 பவுண்டு போதும். அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் டேங்கிலிருந்து நேரே கொடுத்தால் கிரைண்டர் தன் கல் தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுற்றக்கூடும். நட்டை அடித்துக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சில் பளபளக்கிற குரோம் சாக்கெட்டைப் போடக் கூடாது, அடி தாங்காமல் உடைந்து தெறிக்கும். கறுப்பு நிறத்தில் கனமாக வருகிற இம்பாக்ட் சாக்கெட் வேண்டும். காலையில் கருவியில் காற்று நுழையும் வாயில் சில சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டால் உள்ளே உள்ள தகடுகள் நெடுநாள் உழைக்கும். பெயின்ட் லைனில் மட்டும் எண்ணெய் கலக்கக் கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். ஆனால் மூன்று நான்கு பேர் வேலை செய்கிற எங்கள் பட்டறைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, சிறு கடைகளின் டேங்குகளைத் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து கொடுக்கலாம். டேங்கில் காற்றில்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கும் சோதனை அது. 10 கிலோவுக்கு ஓடும் டேங்க் 15 கிலோவைத் தாங்க வேண்டும். தண்ணீர் அமுங்காது என்பதால் தகடு கிழிந்தாலும் வெடிக்காது, ஒழுகும். மாணவர்களுக்கும் அது பாடமாக இருக்கும். தேறிய டேங்கில் தேதியைப் பொறித்துக் கொடுத்தால், வாங்குகிறவரும் பார்த்து வாங்குவார்.

கட்டணம் வைத்தாலும் கட்டுகிறோம். அப்படி ஒரு நாள் அறிவித்தால், டேங்கை வண்டியில் ஏற்றுமுன் காற்றை முழுவதும் இறக்கி, கேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே கழற்ற வேண்டும் என்பதையும் அறிவிப்பில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறை உரிமையாளர்,
தாழையூத்து, திருநெல்வேலி மாவட்டம்