மாத்திரையை விட்டுறாதீங்க மைனி

அன்புள்ள மைனிக்கு,

நீங்கள் அனுப்பிய வீடியோவை முழுக்கப் பார்த்தேன். "சின்ன வயசில் அடக்கிய அழுகைதான் மூட்டில் வந்து உட்கார்ந்திருக்கு, மனக்காயம் ஆறினால் மருந்தே வேண்டாம்" என்கிறார் அதில் பேசுபவர். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதியை நம்பினால் கை போய்விடும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், உங்கள் பெயர் இல்லாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் மருந்து. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கி, வீங்கவைத்து, எலும்பை அரிக்கும் நோய்தான் முடக்குவாதம். அதற்கு நீங்கள் போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுவது. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கிவிடுவதுதான் பெரிய தப்பு. வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகும். கூடவே தரும் போலிக் ஆசிட் என்ற விட்டமின் மாத்திரையை டாக்டர் சொன்ன மற்ற நாளில் போடுங்கள். வலி குறைந்ததென்று நீங்களாக நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும். அரித்த எலும்பு திரும்ப வளராது.

இனி அந்த முதல் பாதி. உங்கள் அம்மா நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிக் கடையில் எண்ணிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. மடியில் பீடித் தட்டு இருக்கும்வரை பிள்ளைக்கு மடி கிடையாது. அப்பா பம்பாயில். உங்களை ஆச்சி வீட்டில் விட்டார்கள், பிறகு பாளையங்கோட்டை ஹாஸ்டல். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அழுதால் வந்து தூக்கத்தான் ஆளில்லை. நம் ஊரில் இதை ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. "பிள்ளை சமத்து, அழவே அழாது" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

குழந்தை பயந்து அழும்போது உடம்பில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. தெரிந்த ஒருவர் வந்து தூக்கினால் அது இறங்கிவிடும். ஆயிரம் தடவை இப்படி நடந்தால், பதற்றம் வந்தால் போகவும் செய்யும் என்று உடம்பு பழகுகிறது. யாரும் வராவிட்டால் அந்தப் பழக்கம் சரியாக அமைவதில்லை. கார்டிசாலின் இன்னொரு வேலை வீக்கத்தை அடக்குவது. அது வருடக்கணக்கில் தாறுமாறாகச் சுரந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன. நியூசிலாந்தின் டுனிடினில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறுவயதில் கொடுமையோ புறக்கணிப்போ பட்டவர்களுக்கு 32 வயதில் ரத்தத்தில் சிஆர்பி, அதாவது உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டும் அளவு, கூடுதலாக இருந்தது. உங்கள் லேப் சீட்டில் இருக்கும் அதே சிஆர்பிதான்.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற டாக்டர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 9,508 பேரின் பதில்கள் இருந்தன. அடி, வசவு என்று சிறுவயதுத் துன்பங்களைப் பட்டியலிட்டுக் கேட்டார்கள். அதில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம், எதுவும் படாதவர்களைவிட இதயநோய் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது. அந்தப் பட்டியல் பின்னால் பத்து வகையாக விரிந்தபோது, மனசளவில் கவனிக்காமல் விடுவதும் அதில் சேர்ந்தது. ஆனால் இது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவரின் நோய்க்கு இதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று 2020இல் அதே ஆண்டா எச்சரித்தார். முடக்குவாதத்துக்குப் பரம்பரையும் காரணம், புகைப்பழக்கமும் காரணம். ஆகவே அம்மாவிடம் போய்ச் சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கேட்டாலும் கிடைக்காது என்று ஐந்து வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடுகிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஓபியில் டாக்டர் "எப்படிம்மா இருக்கு?" என்கிறார். நீங்கள் "ஒண்ணுமில்ல டாக்டர், பரவால்ல" என்கிறீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் டோஸைக் கூட்டுவதா விடுவதா என்று முடிவு செய்கிறார். பழைய பழக்கம் இன்றைய நோயைக் கெடுப்பது இந்த வழியில்தான். அதனால் வாயால் சொல்ல வேண்டாம், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: காலையில் விரல் மடங்க எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்தெந்த மூட்டு வீங்கியிருக்கிறது, போன மாதம் எத்தனை வாரம் மாத்திரை விட்டுப்போனது, ராத்திரி வலியில் எத்தனை நாள் விழித்தீர்கள். கூட்டத்தில் அவருக்கும் அதுதான் வசதி.

மனசுக்கு நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1999இல் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதியினர் வாழ்க்கையில் மிகவும் வலித்த விஷயத்தை மூன்று நாள், நாளுக்கு 20 நிமிஷம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்து அவர்கள் நிலை, சாதாரண விஷயம் எழுதியவர்களைவிட மேம்பட்டிருந்தது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கிடைத்த பலன் இது. பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதுதான். செலவில்லை என்பதால் செய்து பார்க்கலாம்.

மூன்று நாளும் அடுத்தடுத்து வரட்டும். படுக்கப் போகும் நேரம் வேண்டாம், தூக்கம் கெடும். அப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது, கிடைக்காதபோது எப்படி இருந்தது, அதனால் இன்று நான் என்ன செய்கிறேன் என்று எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், பேச்சு எப்படியோ அப்படியே. பேனா பிடித்தால் விரல் வலிக்குமே, போனில் பேசிப் பதிவு செய்துவிட்டு அழித்துவிடுங்கள். பலரும் நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லி, மனசில் பட்டதை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெரிதாகப் பலன் இராது. மூன்றாம் நாளும் அதே வரியே திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிடுங்கள், அது புண்ணைக் கிளறுவது.

முதல் நாள் மனசு கனக்கும், அது இயல்பு. ஒரு வாரத்துக்கு மேலும் கனம் இறங்காவிட்டால், பழைய காட்சி கண்முன் வந்து உலுக்கினால், சாவு பற்றி நினைப்பு வந்தால் தனியாகத் தொடரக் கூடாது. 14416க்குப் போன் பண்ணுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம்.

நீங்களும் பீடி சுற்றத் தட்டோடு உட்கார்ந்தால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து விரலையும் மணிக்கட்டையும் நீட்டி விடுங்கள். அந்த நேரத்தில் சின்னவள் மடிக்கு வந்தால் உட்கார்த்திக்கொள்ளுங்கள், எண்ணிக்கையில் பத்து குறைந்தால் குறையட்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிஆர்பி மட்டும் போதாது, ஈரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எஸ்ஜிபிடியும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்