பீட்டில்ஸ் ரசிகரும் ஸ்டோன்ஸ் ரசிகரும் ஒண்ணு இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த பழைய ராக் பேண்டுகள் கட்டுரையில, பீட்டில்ஸ் ரசிகர்களையும் ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்களையும் பழசையே பிடிச்சுத் தொங்கறவங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. படிச்சதும் மனசுக்குக் கஷ்டமா போச்சு சார். ரெண்டு கூட்டத்தோட குணமே வேற.

பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட்ல சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோட டூர் போறதையே நிறுத்திட்டாங்க, 1970ல பேண்டும் கலைஞ்சாச்சு, ரசிகங்களுக்கு மிச்சம் ரெக்கார்டு மட்டும்தான், அதனால அதையே தோண்டித் துருவறாங்க. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாட்டு முடியறப்போ விரல்ல கொப்பளம் வந்துடுச்சுன்னு ட்ரம்மர் ரிங்கோ கத்துவாரே, அது ஸ்டீரியோ (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒலி பிரிஞ்சு வர்ற) பதிப்புல இருக்கும், மோனோ (எல்லா ஒலியும் ஒண்ணா வர்ற) பதிப்புல கிடையாது. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோல கொஞ்சம் வேகமா, சுருதி ஏறி இருக்கும். பேண்டே கூட உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மிக்ஸ் பண்ணினது, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாக் கலந்தது, மோனோங்கறதால அதுதான் நிஜ ஆல்பம்னு விடிய விடிய வாதாடுவாங்க. ஆனா இந்தப் பாசத்துலயே ஒரு பிடிவாதமும் இருக்கு, யாராவது புதுசா ரீமிக்ஸ் பண்ணினாலே கோவம் வந்துடும். 2023ல மறைந்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனோட பழைய கேசட்லேர்ந்து குரலப் பிரிச்செடுத்து ‘நவ் அண்ட் தென்’ பாட்டை விட்டப்போ கண்கலங்கினவங்களும் உண்டு, இதெல்லாம் பீட்டில்ஸ் கணக்குலயே வராதுன்னு ஒதுக்கினவங்களும் உண்டு.

ஸ்டோன்ஸ் ஆளுங்க அப்படி இல்ல. 1962ல ஆரம்பிச்ச பேண்டு, பிரையன் ஜோன்ஸ் போனாரு, மிக் டெய்லர் வந்துட்டுப் போனாரு, ரானி வுட் வந்தாரு, 2021ல சார்லி வாட்ஸ் இறந்தப்பகூட ஸ்டீவ் ஜோர்டன் ட்ரம்ஸ்ல உட்கார டூர் நடந்துச்சு, ரசிகங்களும் அழுதுகிட்டே போய்ப் பார்த்தாங்க. ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது ஸ்ட்ரிங்க கழட்டிட்டு ஓப்பன் ஜி ட்யூனிங்ல (சும்மா மீட்டினாலே ஜி கார்டு வர்ற மாதிரி சுருதி சேர்த்து) அஞ்சே ஸ்ட்ரிங்ல வாசிக்கறப்போ எங்கயாவது தடுமாறினாகூட தப்புன்னு சொல்ல மாட்டாங்க, இன்னிக்கு இப்படி வாசிச்சாருன்னுதான் சொல்லுவாங்க. நான் பீட்டில்ஸ் பக்கம்தான், ஆனா இந்தப் பெரிய மனசு எங்க ஆளுங்ககிட்ட கம்மின்னு அடிச்சுச் சொல்லுவேன்.

அப்புறம் பேண்டுகளுக்குள்ள பகைன்னு எழுதியிருந்தீங்க. 1963லயே பீட்டில்ஸோட ஜானும் பால் மெக்கார்ட்னியும் ஸ்டோன்ஸுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தாங்க, 2023ல வந்த ஸ்டோன்ஸோட ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பத்துல பால் பேஸ் கிட்டார் வாசிச்சிருக்காரு, இதுல பகை எங்கருந்து வந்துச்சு சார்? அடுத்த தடவை எழுதறப்போ ரெண்டு பக்கத்து ரசிகங்களையும் தனித்தனியா உட்கார வச்சுப் பேசிட்டு எழுதுங்க, மோனோ விஷயத்துக்கு ஒரு தனி பாராவே கொடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்