கொடி அழும் மாதத்திலும் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், திராட்சை வளர்த்து அங்கேயே ஒயின் செய்யும் கடலோரச் சிறு ஒயினரிகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் அறுவடைக் காலத்தில் மட்டும் போனால் போதும், மற்ற மாதங்களில் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்று அதில் சொல்லியிருந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் முப்பது வருடம் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒயின் பழக்கம் கிடையாது. சுவைத்துப் பார்ப்பவர் என் கணவர், திரும்பி வரும்போது வண்டி ஓட்டுபவள் நான். கடலைப் பார்த்த சரிவில், கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் நடத்தும் ஒரு சின்ன ஒயினரிக்கு ஒரே வருடத்துக்குள் ஆறு முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை போனது உங்கள் கட்டுரை சொல்வது போல அக்டோபரில்தான். கூட்டம், வரிசை, ஆளுக்கு மூன்று கோப்பை, கடலை வைத்து ஒரு படம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தத் தம்பதியின் முகம் கூட எனக்குச் சரியாகப் பதியவில்லை.

ஜனவரியில் அந்தப் பக்கம் கடல் பார்க்கப் போனபோது தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. இலை ஒன்று கூட இல்லாமல் கொடிகள் கறுப்புக் கட்டைகளாக நின்றன. எலும்பைத் துளைக்கும் காற்றில் அந்த வீட்டு அம்மாள் தனியாகக் கவாத்து செய்துகொண்டிருந்தார், அதாவது வேண்டாத குச்சிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார். அன்று அவர் நின்ற இடத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றேன்.

திராட்சை பழைய கட்டையில் காய்ப்பதில்லை. போன வருடம் வளர்ந்த குச்சியில் இருக்கும் மொட்டிலிருந்து இந்த வருடம் தளிர் கிளம்பும், அந்தத் தளிரில்தான் குலை வரும். ஆகவே போன வருட வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு மொட்டை மட்டும் விடுகிறார்கள். நிறைய மொட்டை விட்டால் குலைகள் பெருகும், பழம் சப்பென்று போகும். குறைத்து விட்டால் கொடி இலையாகவே வளரும். எந்தக் குச்சி, எத்தனை மொட்டு, எந்தப் பக்கம் பார்த்த மொட்டு என்று ஒவ்வொரு கொடி முன்னாலும் நின்று யோசிக்கிறார். இதையெல்லாம் நான் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அவர் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து ஒரு கொடியைக் காட்டியபோதுதான், வெட்டுவது எவ்வளவு பெரிய முடிவு என்று புரிந்தது. நான் வெட்டிய கொடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டி வைத்தார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மொட்டுக்குள் இருக்கும் குலையின் கரு இப்போது உண்டானதல்ல, போன கோடையில் பூப்பூத்த நாட்களிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் வெயில் நன்றாக அடித்திருந்தால் மறு வருடம் குலை அதிகம். அப்படியானால் நாம் அக்டோபரில் கையில் வாங்கும் கோப்பைக்குப் பின்னால் இரண்டு கோடைக்காலம் இருக்கிறது. ஒரே தடவை போய்விட்டு வந்து "அந்த ஒயினரியைப் பார்த்தேன்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

மார்ச்சில் போனோம். மண் சூடேறத் தொடங்கியதும் வேர் விழித்துக்கொண்டு நீரை மேலே தள்ளுகிறது. மேலே இலை இல்லை, கவாத்து செய்த வெட்டுவாய் மட்டும் திறந்திருக்கிறது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர் வடிகிறது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இதைக் கொடியின் அழுகை என்றே சொல்கிறார்கள். காலை வெயிலில் வரிசை முழுக்க ஒவ்வொரு குச்சி நுனியிலும் ஒரு துளி தொங்கி நிற்க, பின்னால் கடல். சொல்லச் சொல்ல எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. அன்று எங்களைத் தவிர வேறு யாருமே வரவில்லை.

கடல் பக்கத்தில் இருப்பதன் நல்லதும் கெட்டதும் அதற்கப்புறம்தான் தெரியவந்தது. நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால், தளிர் விடும் நாட்களில் உள்நாட்டுத் தோட்டங்களைக் கருக்கிவிடும் உறைபனி இங்கே குறைவு. கோடையின் சூட்டையும் கடல் தணிப்பதால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு தங்குகிறது. ஆனால் இளந்தளிரைக் காற்று முறித்துப் போட்டுவிடும். ஜூலையில் ஒரு புயலுக்கு மறுவாரம் போனபோது, கடலைப் பார்த்த முதல் நான்கு வரிசைகளில் இலை ஓரமெல்லாம் உப்புத் தெறிப்பில் பழுப்பாகக் கருகியிருந்தது. அந்த அம்மாளின் கணவர் ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் நடந்தார். கிரேக்கத்தின் சாண்டோரினி தீவில் கொடியைக் கூடை போல வளைத்துத் தரையோடு வளர்க்கிறார்கள், குலைகள் கூடைக்குள் காற்றுக்கு மறைந்து தொங்கும். இத்தாலியின் பாண்டெல்லேரியா தீவில் குழி பறித்து அதற்குள் நடுகிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ அந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கருகிய இலைகளைப் பார்த்த பிறகு அந்தக் கூடையும் குழியும் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் போனதைச் சொல்ல விட்டுவிட்டேன். திராட்சைப் பூவைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கடுகளவு பச்சைப் பூ. மற்ற பூக்களைப் போல இதழ் விரிவதில்லை. ஐந்து இதழும் நுனியில் ஒட்டிக்கொண்டு, அடியில் கழன்று, ஒரு தொப்பி போல மொத்தமாக உதிர்ந்துவிடும். அப்போது மழை பிடித்துக்கொண்டால் தொப்பி கழலாமல் ஒட்டிக்கொள்ளும், பிஞ்சு பிடிக்காது. பூத்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை. இலைகளில் நீலத் திட்டுகளைப் பார்த்து என் கணவர் பயந்துவிட்டார், நோய் என்று நினைத்து. அது நோய்க்கு மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்து வைத்த கலவை, அடிச்சாம்பல் நோயைத் தடுப்பதைக் கவனித்து 1885-ல் எழுதி வெளியிட்டவர் மில்லார்டே என்ற பிரெஞ்சுப் பேராசிரியர். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த நீலத்தை இலையில் பார்த்தது இதுதான் முதல் முறை.

அறுவடையைப் பற்றி உங்கள் கட்டுரையே நன்றாகச் சொல்லிவிட்டது. செப்டம்பரில் நாங்களும் போனோம். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சாறு நொதிக்கும்போது கரியமில வாயு ஏராளமாக வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, நிலவறையின் தாழ்ந்த இடங்களில் தேங்கும், மூச்சை நிறுத்திவிடும். கூட்ட நாளில் ஒரு பையன் ஓடிப்போய்த் தொட்டி அறைக் கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் அலறிய அலறலை நான் மறக்கமாட்டேன். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் அவர்கள் இருவரும் தூங்குவது மூன்று நான்கு மணி நேரம்தான். முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள், வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

உங்கள் இணைப்பில் இதே ஒயினரிகளைக் குளிர்காலத்தில் ஒரு முறை, பூக்கும் காலத்தில் ஒரு முறை போய் எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் நான்கு இடம் சுற்றுவதைவிட ஓரிடத்துக்கு நான்கு பருவத்திலும் போவது நல்லது என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். ஆளில்லாத மாதங்களில் வந்து இரண்டு பாட்டில் வாங்கிப் போகிறவர்களால்தான் அடுத்த கவாத்து வரை கைச்செலவுக்குக் கவலையில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

வரும் ஜனவரியில் மறுபடியும் போகிறோம். சிவப்புக் கயிறு கட்டிய கொடியில் பதினொரு குலை வந்தது. இந்த முறையும் அதை நானே கவாத்து செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி